உள்வாடகையும் ஒப்புதலும்: பிடோக் அடுக்ககங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிங்கப்பூரின் கிழக்கே அமைந்துள்ள பிடோக், அந்நாட்டில் மக்கள்தொகை மிகுந்த வட்டாரங்களுள் ஒன்றாகும். அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கின்றனர். அத்தகைய வீட்டை விலைக்கு வாங்கிய ஒருவர், அதனை முழுமையாகப் பிறருக்கு வாடகைக்கு விட விரும்பின், கழகத்தின் ஒப்புதலை முன்னதாகவே பெறுதல் வேண்டும். சொந்த வீட்டிற்கு ஒப்புதல் எதற்கு என்னும் வினா இங்கு எழுவது இயல்பே. சிங்கப்பூர்த் தமிழர் இதனை 'உள்வாடகை' என வழங்குவர். வாடகைக்குள் வாடகை என்னும் இச்சொல்லே வினாவிற்கான விடையைத் தன்னுள் கொண்டுள்ளது. இவ்வொப்புதல் முறையின் வளர்ச்சியையும், அது தமிழ் பேசுவோரை எவ்வாறு வகைப்படுத்துகின்றது என்பதனையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

கடைவீடுகளின் காலம்

உள்வாடகை சிங்கப்பூருக்குப் புதியதன்று. போருக்குப் பின் நிலவிய வீட்டுப் பற்றாக்குறையின் விளைவாக 1947ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் வரை கட்டப்பட்ட கட்டடங்களுக்கு அது பொருந்தியது. நகரின் நடுப்பகுதியிலிருந்த கடைவீடுகளில், முதன்மை வாடகையாளர் ஒருவர் உரிமையாளருக்குக் குறைந்த வாடகை செலுத்துவார். மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் சிற்றறைகளாக்கிப் பலருக்கு உள்வாடகைக்கு விடுவார். யார் குடிபுகலாம், யார் வெளியேற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்தார். அம்முடிவிற்கு எழுதப்பட்ட விதி ஏதும் இருக்கவில்லை. ஊர்ப் பழக்கம், மொழி, உறவு, அறிமுகம் ஆகியவையே வாயிலைத் திறந்தன. இச்சட்டம் 2001ஆம் ஆண்டில் முற்றிலுமாக நீக்கப்பெற்றது.

கழகத்தின் வருகை

1927இல் தோன்றிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையின் பணிகளை, 1960 பிப்ரவரி 1ஆம் நாள் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்றுக்கொண்டது. 1964இல் வீட்டுடைமைத் திட்டம் தொடங்கிற்று. 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடு வாங்க வழி பிறந்தது. 1966இல் தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்புப் பணிக்காகப் பிடோக் பகுதியின் குன்றுகள் வெட்டப்பட்டு மண் கடலில் கொட்டப்பட்டது. 1970களில் அங்குப் புதுநகர் எழுந்தது.

வீடு வாங்கியோர் பெற்றது 99 ஆண்டுக் குத்தகையே ஆகும். குத்தகை அளித்தவர் என்னும் நிலையில் கழகம் நிபந்தனை விதிக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒப்புதலின்றி வீட்டை வாடகைக்கு விட்டவரிடமிருந்து அவ்வீட்டைக் கட்டாயமாகத் திரும்பப் பெறவும் சட்டம் இடமளிக்கின்றது. வீடு குடியிருப்பதற்கே, வருவாய் ஈட்டுவதற்கன்று என்பதே தொடக்கக்காலக் கொள்கை. ஆகவே, வெளிநாட்டில் பணிபுரியச் செல்லுதல் போன்ற சிறப்புக் காரணம் உடையோருக்கே முழு வீட்டையும் வாடகைக்கு விட இசைவு கிட்டியது.

2003ஆம் ஆண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. நெடுங்காலம் குடியிருந்த உரிமையாளர்கள் காரணம் கூறாமலே விண்ணப்பிக்க வழி ஏற்பட்டது. 2007இல் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் மானியம் பெற்ற வீட்டிற்கு 5 ஆண்டுகளாகவும் மானியம் பெறாத வீட்டிற்கு 3 ஆண்டுகளாகவும் குறைக்கப்பட்டது. 2010இல் பின்னதும் 5 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. 2013 ஜனவரியில் நிரந்தரவாசிகளான உரிமையாளர்கள் தம் வீட்டை முழுமையாக வாடகைக்கு விடுவது தடைசெய்யப்பட்டது. வீடு குடியிருப்பா, சொத்தா என்னும் வினாவிற்கு அரசு காலந்தோறும் அளித்த விடைகளாகவே இம்மாற்றங்களைக் கொள்ளலாம்.

இன விகிதமும் குடியுரிமை விகிதமும்

1989ஆம் ஆண்டில் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் தமிழரான எஸ். தனபாலன். அவர் காலத்தில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. மலாய்க்காரர் செறிந்து வந்த நகர்களுள் ஒன்றாகப் பிடோக் அப்போது சுட்டப்பட்டது. இந்தியருக்கும் பிறருக்கும் அக்கம்பக்கத்தில் 10 விழுக்காடு, புளோக்கில் 13 விழுக்காடு என வரம்பு அமைந்தது. 2010இல் இவை முறையே 12, 15 ஆயின. இவ்வரம்பு வீடு வாங்குதல், விற்றல் ஆகியவற்றுக்கு உரியது.

உள்வாடகைக்கு 2014 ஜனவரியில் வந்த வரம்பு வேறு வகையினது. மலேசியர் அல்லாத வெளிநாட்டினரும் நிரந்தரவாசிகளும் முழு வீட்டை வாடகைக்கு எடுப்பது அக்கம்பக்கத்தில் 8 விழுக்காட்டிற்கும் புளோக்கில் 11 விழுக்காட்டிற்கும் மிகலாகாது. பண்பாட்டு, வரலாற்று நெருக்கம் கருதி மலேசியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இவ்விகிதம் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகின்றது. ஒரு புளோக்கில் வரம்பு நிறைந்துவிட்டால், உரிமையாளர் சிங்கப்பூரரையோ மலேசியரையோ தேட வேண்டும். அல்லது, தாம் அங்கேயே வாழ்ந்துகொண்டு அறைகளை மட்டும் வாடகைக்கு விட வேண்டும். இங்குக் காத்திருத்தல் என்பது அதிகாரி ஒருவரின் முடிவிற்காக அன்று. அதே புளோக்கில் வேறொரு குடும்பம் வெளியேறுவதற்காகவே ஆகும்.

நியூயார்க் நகரின் கூட்டுறவு அடுக்ககங்களோடு இதனை ஒப்பிடலாம். அங்குக் குடியிருப்போர் தேர்ந்தெடுத்த குழு உள்வாடகை விண்ணப்பத்தை ஆராய்கின்றது. மறுப்பிற்குக் காரணம் கூறாமலும் விடலாம். கடைவீட்டு முதன்மை வாடகையாளரின் அதிகாரத்தை இது நினைவூட்டுகின்றது. கழகத்தின் விதிகளோ வெளிப்படையானவை. விண்ணப்பிப்பவரின் முகத்தை அவை நோக்குவதில்லை. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. எனினும், முகம் நோக்காத விதி மனிதரை வகையால் நோக்குகின்றது.

இதன் விளைவைத் தமிழர் நிலையில் வைத்துக் காண்போம். பிடோக்கில் ஒரு வீட்டின் உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனான தமிழர் எனக் கொள்வோம். ஜொகூரிலிருந்து வேலைக்கு வந்த மலேசியத் தமிழர் அவ்வீட்டை வரம்பிற்கு உட்படாமல் 3 ஆண்டு வரை ஒரே ஒப்புதலில் பெறலாம். மதுரையிலிருந்து வந்த கணினிப் பொறியாளர் வரம்பிற்கு உட்படுகின்றார். அவருக்குரிய காலம் 2 ஆண்டே. தஞ்சையிலிருந்து வேலை அனுமதிச்சீட்டில் வந்த கட்டுமானத் தொழிலாளிக்கோ விண்ணப்பிக்கும் வாயிலே இல்லை. கட்டுமானத் துறையில் அச்சீட்டுடைய மலேசியர் அல்லாதோர் இவ்வீடுகளை வாடகைக்கு எடுக்க இயலாது. அவருக்கு உரியது தொழிலாளர் தங்குவிடுதியே ஆகும். நால்வரும் ஒரே மொழி பேசுவோர். லிட்டில் இந்தியாவில் ஒரே உணவகத்தில் அருகருகே அமர்ந்து உண்ணக்கூடியவர். ஒப்புதல் விதியின்முன் நால்வரும் நான்கு நிலையினர்.

முடிவுரை

கடைவீட்டுக் காலத்தில் மொழியும் ஊரும் ஒருவருக்கு இடம் பெற்றுத் தந்தன. இன்று கடப்பிதழும் அனுமதிச்சீட்டும் அதனைத் தீர்மானிக்கின்றன. முன்னையதில் தயவு இருந்தது, உறுதி இல்லை. பின்னையதில் உறுதி உண்டு, அதன் பயன் அனைவர்க்கும் ஒன்றன்று. சிங்கப்பூர்த் தமிழர் குறித்த ஆய்வுகள் 'இந்தியர்' என்னும் ஒற்றைத் தலைப்பின்கீழ் இந்நால்வரையும் அடக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது. புலம்பெயர்ந்தோர் வரலாற்றைக் கற்பிப்போர் கோயில், பள்ளி, இதழ் ஆகியவற்றோடு வாடகை ஒப்பந்தத்தையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே நம் துணிபு. ஒரு சமூகத்தில் யார் யாரோடு அருகில் வாழ்ந்தனர் என்பதற்கு அதனினும் நேரிய ஆவணம் அரிது.