குமாவூன் காட்டுத் தீயும் வனத்துறையும்

கோடை விடுமுறைக்கு நைனிதால், அல்மோரா பக்கம் போய் வரும் நம் குடும்பங்களுக்கு அந்தப் புகை பழக்கமானதுதான். ஏப்ரல், மே வந்தால் மலைச்சரிவில் சீர் பைன் காடு எரியும். உதிர்ந்து காய்ந்த அதன் ஊசியிலைக்கு அங்கே பிரூல் என்று பெயர். மேலே பிசின் வடியும் மரம், கீழே மெத்தை மாதிரி சருகு. ஒரு பீடித்துண்டு போதும்.

1893-ல் குமாவூனில் அளக்கப்படாத நிலம் முழுவதையும் அரசு காடு என்று அறிவித்தது. 1911 முதல் 1917-க்குள் அதில் பெரும் பரப்பு காப்புக்காடாக்கப்பட்டது. துறைக்கு வேண்டியது பைன்: ரயில் தண்டவாளக் கட்டை, பிசின், டர்பன்டைன். ஊராருக்கு வேண்டியதோ பாஞ்ஜ் என்ற ஓக் மரம்: மாட்டுக்குத் தழை, வயலுக்கு எரு, அடுப்புக்கு விறகு. புதுப்புல் முளைக்கட்டும்னு சருகைக் கொளுத்துவது அவர்கள் வழக்கம். அது குற்றமாயிற்று.

1921 மகர சங்கராந்தி, அதாவது நம்முடைய பொங்கல் சமயம். பாகேஷ்வரில் பத்ரி தத் பாண்டே முதலானோர் தலைமையில் கூடிய மக்கள், கட்டாயச் சுமைகூலிப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தார்கள். அந்தக் கோடையில் காடு பற்றியது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல். கவனியுங்கள், எரிந்ததெல்லாம் துறையின் பைன். தங்களுக்கு உதவும் ஓக் காட்டை ஊரார் பெரிதும் தொடவில்லை! கமிஷனர் விண்டாம் தலைமையில் குறைகேட்புக் குழு அமைந்தது. கொஞ்சம் காடு திரும்பி வந்தது. 1931-ல் வனப் பஞ்சாயத்து விதிகளும் வந்தன. இன்று உத்தராகண்டில் அப்படிப்பட்ட பஞ்சாயத்துகள் 11,000-க்கு மேல்.

அது பழைய கதை, பருவநிலை மாற்றத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். துறையின் முக்கியமான தற்காப்பே குளிர்காலத்தை நம்பியது. தை, மாசியில் ஈரம் இருக்கும்போதே சருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொளுத்தி, தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தம் செய்வார்கள். பனியும் மழையும் பொய்த்தால் வைத்த தீயே கையை மீறும். தீக்காலம் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை என்பது துறையின் கணக்கு. 2020-21 குளிர்காலத்திலோ அந்தத் தேதிக்குக் காத்திராமலே காடு எரிந்தது.

துறை சும்மா இருந்தது என்று சொல்லக்கூடாது. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் மூலம் தீ எச்சரிக்கை தருகிறது. 2016-லும் 2024-லும் விமானப்படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் தண்ணீர் மொண்டு கொட்டின. பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் செங்குத்துச் சரிவில் பச்சை மரக்கிளையால் அடித்துத் தீயணைப்பவர் வனக் காவலரும் தினக்கூலிக்காரரும். 2024 ஜூனில் பின்சார் சரணாலயத்தில் தீயில் சிக்கி, வனத்துறைக்காக உழைத்த நாலு பேர் அதே இடத்தில் இறந்தார்கள்.

காட்டில் உரிமை உள்ளவர் தீயணைக்க வர வேண்டும் என்று 1927 சட்டத்தின் 79-ம் பிரிவு சொல்கிறது. பிள்ளைகள் டில்லிக்கும் ஹல்த்வானிக்கும் போய்விட்ட ஊர்களில் யார் வருவது? அதனால்தான் என் கணக்கில் ஹெலிகாப்டரைவிடப் பெரிய சேதி, 2024-ல் கிலோ 50 ரூபாய்க்குப் பிரூல் வாங்குவதாக அரசு அறிவித்தது. ஒரு காலத்தில் அபராதம் போட்ட ஊராரையே துறை இப்போது சருகு பொறுக்க அழைக்கிறது.