முர்தபா: மடித்த உணவின் வரலாறு

ஒன்றன் உள்ளே ஒன்றைப் பொதிந்து சமைக்கும் வழக்கம் பல நாட்டாரிடத்தும் உண்டு. துருக்கியர் காய்களைக் குடைந்து அரிசியும் இறைச்சியும் நிரப்பியதைத் 'தொல்மா' என்பர். இலையில் வைத்துச் சுருட்டியதைச் 'சர்மா' என்பர். முன்னது நிரம்பியது, பின்னது சுற்றியது எனப் பொருள்படும். 1709இல் பொல்தாவாப் போரில் தோற்ற சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லசு ஒட்டோமான் நாட்டில் சில ஆண்டுகள் தங்கினார். அவர் பரிவாரத்தோடு இவ்வுணவு வடக்கே சென்றது என்பது வழிவழி வரும் செய்தி. திராட்சை இலை எளிதிற் கிட்டாத அந்நாட்டில் முட்டைக்கோஸ் இலை அதன் இடத்தைப் பிடித்தது.

நம் மஸ்ஜித் இந்தியாப் பகுதியின் முர்தபாவும் இவ்வாறு கடல் கடந்த உணவே. 1863இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரே இத்தெருவுக்கும் ஆகிவந்தது. நோன்பு மாதத்து மாலைகளில் இங்கே இரும்புக் கல்லில் முர்தபா புரளும் ஓசையைக் கேளாதவர் கோலாலம்பூரை முழுமையாகக் கண்டவர் ஆகார் என்பது என் துணிபு.

முட்டை சேர்வதால் இப்பெயர் வந்தது என்று மாணவர் எழுதுவதுண்டு. ஒலி ஒற்றுமையை நம்பிப் பொருள் காண்பது வழுக்கு நிலம். 'மடிக்கப்பட்டது' என்னும் பொருளுடைய 'முதப்பக்' என்ற அரபுச் சொல்லே இதன் மூலம். மலாய்க்காரர் 'முர்தபாக்' என்பர்; நம் நாக்கு இறுதி மெய்யை விட்டுவிட்டது. சிங்கப்பூர் நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908இல் தொடங்கிய சம்சம் உணவகம் இவ்வுணவாலேயே புகழ் பெற்றது. ஆக, துருக்கியன் நிரப்புதலையும் சுற்றுதலையும், அரபியன் மடித்தலையும் பெயராக வைத்தனர். கையின் தொழிலே பெயராயிற்று.

அத்தொழில் ஏட்டில் ஏறுவது அரிது என்பதை என் வீட்டிலேயே கண்டேன். தாய்வழிப் பாட்டியாரை நாங்கள் நன்னிமா என்போம். 1950களில் ரஜூலா கப்பலில் வந்தவர். துணிக்கடை வரிசையின் மாடி அறையொன்றில் குடும்பம் நடத்தியவர். கொத்துக்கறி குறைவான நாளில் முட்டைக்கோஸைப் பொடியாக அரிந்து சேர்ப்பார். பிற்காலத்தில் கறிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் கோஸ் இல்லாத முர்தபாவை எங்களில் எவரும் விரும்பியதில்லை. அளவு கேட்டால், "மாவு கேக்குற எண்ணெய ஊத்து" என்பதே விடை.

அவர் சொல்லச் சொல்ல என் தாயார் எழுதிய தாள் ஒன்று உண்டு. மைதா ஒரு கிலோ, முட்டை எட்டு, வெங்காயம் அரைக் கிலோ என அதில் எல்லாம் இருக்கும். பிசைந்த மாவை எண்ணெயில் மூழ்க வைத்து இரண்டு மணி நேரம் ஆறவிட வேண்டும். அப்போதுதான் அதன் முறுக்கு தளர்ந்து, கண்ணாடிபோல் இழுபடும். நன்னிமா மறைந்தபின் வந்த முதல் நோன்பில் அத்தாளை எதிரே வைத்துக்கொண்டு நானே செய்தேன். நான்கு ஓரமும் மடிக்கும் முன்பே மாவு கிழிந்தது. கல்லெல்லாம் முட்டை வழிந்தது. மாணவர் விடைத்தாளில் ஆயிரம் பிழை கண்ட எனக்கு இத்தாளின் பிழை புலப்படவில்லை.

கண் பார்வை மங்கிய தாயார் கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "கோஸ உப்புப் போட்டுப் பிழியலையாத்தா?" என்றார். தாளில் அது இல்லையே என்றேன். "அத எதுக்கு எழுதணும்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார்.

வரலாற்று ஆசிரியர் நெஞ்சிற் கொள்ள வேண்டிய விடை அது. ஒரு காலத்தில் எல்லாரும் அறிந்தது எதுவோ, அதுவே எழுதப்படாமல் முதலில் அழிகிறது. கல்வெட்டில் கொடையின் அளவு இருக்கும். அந்த நெல்லைக் குத்திய கை இராது.

அத்தாளின் ஓரத்தில், "உப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பிழியவும்" என்று சிவப்பு மையால் எழுதிச் சேர்த்துள்ளேன். தொட்டுக்கொள்ளும் காடி வெங்காயத்துக்கு அதில் ஒரு வரியும் இல்லை. வரும் ஞாயிறன்று தாயாரிடம் கேட்க வேண்டும்.