நியூட்டன் வகுத்த மூன்று விதிகள்

உருட்டிவிட்ட பந்து சிறிது தொலைவில் நின்றுவிடுகிறது. ஆகவே தள்ளுவார் இன்றேல் இயக்கம் இல்லை எனக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கருதினார். பல நூற்றாண்டுகள் அக்கருத்தே நிலவிற்று. பந்தை நிறுத்துவது உராய்வே என்பதை இத்தாலியரான கலிலியோ உய்த்துணர்ந்தார். தடையற்ற இயக்கம் நேர்கோட்டில் செல்லும் என்று 1644இல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் எழுதினார்.

1687இல் வெளிவந்த நியூட்டனின் 'பிரின்சிப்பியா' நூலில் இதுவே முதல் விதியாயிற்று. விசை தாக்காதவரை நிற்கும் பொருள் நிற்கும்; ஓடும் பொருள் ஒரே வேகத்தில் நேராக ஓடும். விசை தாக்கினால், அதன் அளவுக்கேற்ப, அதன் திசையிலேயே இயக்கம் மாறும் என்பது இரண்டாம் விதி.

விசை இல்லையேல் மாற்றமும் இல்லை என்பது இரண்டாம் விதியிலேயே அடங்குமன்றோ? முதல் விதி தனியே வேண்டுவதில்லை என 1883இல் எர்ன்ஸ்ட் மாக் வாதிட்டதும் உண்டு. ஆயினும் விசை காரணமாவது இயக்கத்திற்கன்று, இயக்க மாற்றத்திற்கே என்பதை முதல் விதியே நிலைநாட்டுகிறது. அதன் பின்னரே அம்மாற்றத்தை அளக்க இயலும்.

மூன்றாம் விதி வேறு வகையினது. முன்னிரண்டும் ஒரு பொருளைப் பற்றியன. இதுவோ இரு பொருள்களைப் பற்றியது. ரென், வாலிஸ், ஹைகன்ஸ் ஆகியோர் மோதும் பொருள்களை ஆராய்ந்து கண்ட முடிவுகள் இதற்குத் துணையாயின. குதிரை கல்லை இழுத்தால் கல்லும் குதிரையை அதே அளவு இழுக்கிறது என்பது நியூட்டனே தந்த எடுத்துக்காட்டு.

இரண்டும் சமமெனில் கல் எவ்வாறு நகரும் என மாணவர் மயங்குவர். ஒன்று கல்லின்மீதும் மற்றது குதிரையின்மீதும் தாக்குவதால் அவை ஒன்றையொன்று அழிப்பதில்லை. கல்லின்மீதுள்ள விசைகளை மட்டும் எண்ணுதல் வேண்டும். கயிற்றின் இழுப்பு தரையின் உராய்வை விஞ்சினால் நின்ற கல் நகரும். அதனைக் கூறுவது இரண்டாம் விதியே.