கார்ட்டூன் விலங்குகளின் உடை

கார்ட்டூன் விலங்குகளின் உடை என்பது, மனிதரைப் போல் பேசி நடமாடும் விலங்குக் கதாபாத்திரங்களுக்கு ஓவியர்கள் ஆடை வரையும் மரபு ஆகும். முழு உடை கட்டாயமல்ல. 1934 இல் அறிமுகமான வால்ட் டிஸ்னியின் டொனால்ட் டக் மாலுமிச் சட்டையும் தொப்பியும் அணியும், காற்சட்டை அணிவதில்லை. விந்தையாக, குளித்துவிட்டு வரும்போது மட்டும் இடுப்பில் துண்டு கட்டிக்கொள்வதுண்டு.

மிக்கி மவுசுக்குக் காற்சட்டை உண்டு, சட்டை இல்லை. அதன் வெள்ளைக் கையுறைகள் 1929 இல் சேர்க்கப்பட்டவை. கறுப்பு வெள்ளைப் படங்களில் கரிய உடலின் முன் கரிய கைகள் தெரியாமற்போனதே இதற்குக் காரணம்.

உடை பாத்திரத்தின் தகுதியையும் காட்டுகிறது. கூஃபி, புளூட்டோ இரண்டுமே நாய்கள். உடையணிந்த கூஃபி இருகாலில் நின்று பேசும், மிக்கியின் நண்பன். கழுத்துப்பட்டி மட்டும் அணிந்த புளூட்டோ நான்கு காலில் நடந்து குரைக்கும், மிக்கியின் வளர்ப்பு நாய்.