முப்பது நாள் திறந்திருக்கும் கதவு



நினைவுப் பேருரை என்றால் மறைந்தவரின் பெருமையைப் பேசி முடிப்பது வழக்கம். நான் இன்று, நம் நினைவு எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது, அதைப் படிக்க யாருக்கு அனுமதி கிடைக்கிறது என்பதைப் பேச விரும்புகிறேன்.

அரக்கோணத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் படிக்கப் போகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். பல்கலைக்கழக நூலகங்களில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு வரும்: பழைய செய்தித்தாள்களும் அரசு அறிக்கைகளும் அடங்கிய மின்தொகுப்பு ஒன்றுக்குச் சோதனை அனுமதி, பெரும்பாலும் முப்பது நாள். அதைப் பலர் கவனிப்பதில்லை. சோதனைக் காலத்தில் எத்தனை பேர் தேடினார்கள், எத்தனை பக்கம் திறந்தார்கள் என்ற கணக்கும் பார்த்துத்தான், விலை கொடுத்து வாங்கலாமா என்று நூலகம் யோசிக்கும். நாம் தேடாவிட்டால் அந்தக் கணக்கில் நாம் இல்லை.

2025இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் அது ஆய்விதழ்களுக்கான ஏற்பாடு. நூறாண்டுக்கு முந்தைய செய்தித்தாளைத் தேடுகிறவருக்கு இந்த முப்பது நாள் இன்னும் முக்கியம்.

உள்ளே போனதும் முதல் சிக்கல், எந்தப் பெயரில் தேடுவது என்பது. நாம் இன்று சொல்லும் 'தலித்' என்ற சொல்லைப் போட்டால் அந்தக் காலத்து ஆவணம் வராது. பறையர், பஞ்சமர், 'டிப்ரஸ்டு கிளாசஸ்', 1922இல் அரசு ஏற்ற ஆதிதிராவிடர், 1935 சட்டத்துக்குப் பின் 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' என்று காலத்துக்கேற்ற பெயர் வேண்டும். ஊருக்கும் அப்படித்தான். அரக்கோணம் வடாற்காட்டில் இருந்தது. 1989இல் வடாற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் வந்தது. பிறகு வேலூர், 2019 முதல் ராணிப்பேட்டை. பக்கத்துத் திருத்தணியோ 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். எல்லை மாறியபோது காகிதமும் பிரிந்தது. நம் பக்கத்துச் சேரியின் வரலாறு இரண்டு மாநிலங்களில் கிடக்கலாம்.

இரண்டாவது சிக்கல் பெரிது. 1838 முதல் வந்த டைம்ஸ் ஆஃப் இந்தியாவை மின்தொகுப்பாக விற்கிறார்கள். நம் இதழ்களை யார் தொகுத்தார்கள்? 1869இல் வந்த சூரியோதயம் தொடங்கி நமக்கு நீண்ட இதழியல் மரபு உண்டு. ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' எழுதியவற்றில் ஒரு பகுதியை, சுதேசி இதழ்களைக் கண்காணிக்க அரசு தயாரித்த ஆங்கிலச் சுருக்கங்களின் வழியாகத்தான் அறிகிறோம். நம்மைக் கண்காணித்தவனின் குறிப்பேடு இன்று நமக்குச் சான்றாகிறது.

பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆனது. அவர் 1914இல் மறைந்த பிறகு பல பத்தாண்டுகள் அந்த எழுத்து பொதுவாசிப்பில் இல்லை. இதழ்களைத் தேடிக் காத்து வைத்தவர் அன்பு பொன்னோவியம். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் அவற்றை நூலாக்கியது. அதன் பிறகு தமிழ் அறிவுலகம் அயோத்திதாசரைத் தவிர்க்க முடியவில்லை. இதழ்க்கட்டு பத்திரமாக இருந்ததால் நடந்த மாற்றம் அது.

இது ஆய்வாளர்களுக்கு மட்டுமான விவகாரம் என்று களப்பணித் தோழர்கள் நினைக்க வேண்டாம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்த 1892ஆம் ஆண்டு அரசாணையும் இல்லாமல் பஞ்சமி நிலம் பற்றி நாம் வாதாட முடியுமா? 1994இல் காரணையில் அந்த நிலத்துக்காக நின்ற ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். நமக்கு ஆவணம் என்பது நிலம்.

ஆகவே மாணவர்களிடம் சில கோரிக்கைகள். அனுமதி தொடங்கும் முன்பே, தேட வேண்டிய சொற்களையும் ஆண்டுகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த பக்கத்தை இதழின் பெயர், தேதி, பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். முப்பத்தோராம் நாள் அந்தப் பக்கம் திறக்காது. ஒருவரே மொத்தமாகப் பதிவிறக்கினால் நூலகம் முழுவதற்குமே அனுமதியை நிறுத்திவிடக்கூடும். பத்துப் பேர் தலைப்பைப் பங்கிட்டுப் படியுங்கள். பயனுள்ளதாக இருந்தால் வாங்கச் சொல்லி நூலகருக்கு எழுத்தில் கொடுங்கள். கட்டணமில்லாமல் எப்போதும் திறந்திருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் பழகிக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரே கோரிக்கை. உங்கள் வீட்டுப் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும் மாநாட்டுத் துண்டறிக்கை, சங்க ரசீது, மனு நகல், பழைய பட்டா எதையும் எடைக்குப் போடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். அந்தத் தொகுப்பைப் பார்க்க யாரும் முப்பது நாள் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்காது.

ஜெய் பீம்.