காலதரும் சன்னலும்: மாட்டுங்காவின் காற்றுவழி

மாட்டுங்காவில் 1930களிலும் 40களிலும் எழுந்த குடியிருப்புகளின் தேக்குச் சன்னல்கள் கழற்றப்பட்டு, நகர்த்தும் அலுமினியச் சன்னல்கள் பொருத்தப்படுகின்றன. இதனை அழகியல் இழப்பாக மட்டும் காண்பது போதாது.

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குக் காற்றும் ஒளியும் புகாத நெரிசலே காரணம் எனக் கருதிய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை நிறுவியது. (எலித்தெள்ளே நோயைப் பரப்பியது என்பது பின்னரே உறுதியாயிற்று; பிழையான காரணம் நல்ல வீடுகளைத் தந்தது!) தாதர்–மாட்டுங்கா திட்டம் அந்த டிரஸ்ட் வகுத்தது. அது வலியுறுத்திய 63½ பாகை ஒளிக்கோண விதிப்படி, எதிர்க்கட்டடத்தின் உயரத்தில் ஏறத்தாழப் பாதியளவேனும் இடைவெளி வேண்டும்.

அவ்விடைவெளியின் பயனை வீட்டுக்குள் கொணர்ந்தது சன்னலே. 'சன்னல்' போர்ச்சுகீசியரின் 'ஜனேலா'. சிலப்பதிகாரம் அறிந்த சொல் 'காலதர்': கால் என்பது காற்று, அதர் என்பது வழி. கீல் வைத்த இருகதவுச் சன்னல் முழுவதும் திறக்கும். மேலுள்ள வென்டிலேட்டர் வெப்பக்காற்றை வெளியேற்றும். இருபலகை நகர்த்துசன்னலோ பாதியளவே திறக்கும். வென்டிலேட்டரும் பெரும்பாலும் கண்ணாடியால் அடைபடுகிறது. பிறகு குளிர்சாதனம் இன்றியமையாததாகிறது.

தேக்கே வேண்டும் என்பதன்று என் வாதம். அலுமினியத்திலும் கீல்கதவு அமைக்கலாம். வென்டிலேட்டரை மட்டும் அடைக்க வேண்டாம்.