கொச்சி யூதர்கள்

கேரளக் கடற்கரையில் குறைந்தது ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, 1950களில் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த சமூகத்தினர். வீட்டில் மலையாளம் பேசினார்கள், எபிரேயத்தில் தொழுதார்கள். தமிழகக் கரையிலும் யூத வணிகர்களின் தடம் உண்டு: ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எபிரேயக் கல்லறைக் கல் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியது கொடுங்கல்லூர், கொச்சி வட்டாரத்தில்தான்.

இவர்களைப் பற்றிய மிக முக்கியமான சான்று, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 அளவில் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையோடு, பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் முதலான 72 உரிமைகளும் வரிவிலக்கும் அவருக்குக் கிடைத்தன. பிரபுக்களுக்கு உரிய மரியாதைகள் இவை. கடல் வணிகத்தின் மதிப்பை அறிந்த அரசு, அயல் மதத்தவரைத் தன் ஊர்ப் பெரியவர்களாகவே ஏற்றுக்கொண்டது.

1341இல் பெரியாற்று வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்ததும் குடிகள் கொச்சிப் பக்கம் நகர்ந்தன. 1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்திய பிறகு அங்கிருந்தும் சிலர் வந்து சேர்ந்தார்கள்; பின்னால் வந்த இவர்கள் பரதேசிகள் எனப்பட்டார்கள். போர்ச்சுகீசியரின் கொடுமை முற்றியபோது கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். 1568இல் மட்டாஞ்சேரியில் பரதேசி தொழுகைக்கூடம் எழுந்தது. 1662இல் போர்ச்சுகீசியர் அதற்குத் தீ வைத்தார்கள். மறு ஆண்டு டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததும் கூடம் மீண்டும் கட்டப்பட்டது. டச்சுக் கம்பெனியோடு வணிகம் செய்த எசக்கியேல் ரஹாபி காலத்தில், 1760இல், அதற்கு மணிக்கூண்டு வந்தது.

இந்த ஒரு கூடத்தின் புகழ் மற்றவற்றை மறைத்துவிட்டது. சமூகத்தில் பெரும்பான்மையினர் முன்பிருந்தே வாழ்ந்த மலபார் யூதர்கள். கொச்சியில் இரண்டு, எர்ணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளா என ஏழு தொழுகைக்கூடங்கள் அவர்களுடையவை. பின்னால் வந்த பரதேசிகள் சில நூறு பேர்தான். ஆனாலும் அவர்கள் மலபார் யூதர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளவில்லை. தங்களிடையே இருந்த, அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோரையோ தொழுகைக்கூடத்துப் பெஞ்சில் உட்காரவும் விடவில்லை. துரத்தப்பட்டு வந்து அடைக்கலம் பெற்றவர்கள் தங்கள் மதத்தவரையே ஒதுக்கியது இந்த வரலாற்றின் ஆறாத புண்.

அதை எதிர்த்து நின்றவர் ஏ.பி. சேலம் (1882–1967). ஒதுக்கப்பட்ட அந்தப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர், கொச்சி சட்டமன்ற உறுப்பினர், காங்கிரஸ்காரர். காந்தியின் சத்தியாகிரகத்தைத் தொழுகைக்கூடத்துக்குள்ளேயே நடத்தினார். தடைகள் ஒரே நாளில் விழவில்லை, பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950இல் அவருடைய மகனே பரதேசிக் குடும்பத்தில் பெண் எடுத்தார்.

செப்பேட்டுக்குச் சமமாக மதிக்க வேண்டிய இன்னொரு ஆவணம் பெண்களின் பாட்டு நோட்டுகள். திருமணத்திலும் பண்டிகையிலும் அவர்கள் மலையாளத்தில் பாடினார்கள். வேதக் கதைகள், தொழுகைக்கூடம் கட்டிய கதை, மணப்பெண்ணுக்கு வாழ்த்து எல்லாம் அந்தப் பாட்டுகளில் உண்டு. தாயிடமிருந்து மகளுக்கு, கையெழுத்துப் பிரதியாக வந்தவை.

இஸ்ரேல் 1948இல் உருவானதும் ஊர்விட்டுப் போகும் பேச்சு தொடங்கியது. அண்டை வீட்டாரின் பகை இதற்குக் காரணமில்லை. தலைமுறைகளாக வழிபாட்டில் சொல்லிவந்த ஜெருசலேம் ஏக்கமும் பொருளாதார நெருக்கடியுமே காரணம். யானைக்கால் நோய் பரவும் என்று இஸ்ரேலிய அதிகாரிகள் அஞ்சியதால் பயணம் தாமதப்பட்டது. வீட்டையும் கடையையும் விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். 1955க்குள் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். மாளாவில் தொழுகைக்கூடத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் உள்ளூர்ப் பஞ்சாயத்தின் பொறுப்பில் விட்டுச் சென்றார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினர் குடியேறிய நெவாத்திம், நெகேவ் பாலைவனத்தில் இருக்கிறது. மானாவாரிக் காடே செழிப்பு என்று தோன்றும் வறட்சி. காயலும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே விவசாயம் கற்றுக்கொண்டு, பின்னாளில் பசுமைக்குடில்களில் பூ வளர்த்து ஏற்றுமதியும் செய்தார்கள்.

பரதேசி தொழுகைக்கூடத்தின் 400ஆம் ஆண்டு விழாவில், 1968இல், பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார், தபால்தலையும் வெளியானது. பறவூர், சேந்தமங்கலம் கூடங்கள் இப்போது அருங்காட்சியகங்கள். கொச்சி கடவும்பாகம் கூடத்தின் மரவேலைகள் ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளன. இஸ்ரேலில் பிறந்த தலைமுறையின் பேச்சு எபிரேயம். பாட்டிகளின் மலையாளப் பாட்டுகளை ஸ்கறியா சக்கறியா போன்ற அறிஞர்கள் தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார்கள்.